முக்குப் பிள்ளையாருக்கு ஓர் உபயம்

ராஜபாளையம் மில்லில் ஃபிட்டராக இருந்த சங்கையாவுக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியும்; நிறுத்தத்தான் மனம் வராது. 1986-இல் பழைய வண்டி ஒன்று வாங்கினார். ஞாயிறுதோறும் மனைவி செல்லக்கனியைப் பின்னால் உட்காரவைத்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த மாமியார் வீட்டுக்குப் போவார். வழியில் பஞ்சு மூட்டைகளை அடுக்கிவைக்கும் கிட்டங்கி முக்கு. நாலு பக்கமும் வண்டி வரும் அந்த இடத்தில் சங்கையா ஆரனை ஒரு அமுக்கு அமுக்கிவிட்டு, இரண்டு கையையும் விட்டு மூலைப் பிள்ளையாரைக் கும்பிடுவார்.

"கையை விடாதீய, உசுரு போயிட்டுப் போயிட்டு வருது."

"ஏட்டி, அவரு பாத்துக்கிடுவாரு. சும்மா இரு."

ஒருநாள் பஞ்சு வண்டியில் மோதி, மூட்டை மேலேயே விழுந்தார்கள். கீறல்கூட இல்லை. காப்பாற்றியது பஞ்சு, பெயர் பிள்ளையாருக்கு. அவருக்குப் பக்கத்தில் ஒரு சுவர் எழுப்பி, "உபயம்: சங்கையா, ஃபிட்டர்" என்று எழுதிவைத்தார் சங்கையா. அதன்பின் அந்த முக்கில் தப்பித்தவர்கள் எல்லாம் சுவரை உயர்த்தினார்கள். நானும் ஒரு லாரிக்குத் தப்பித்தவன்தான். அங்கே தொங்கும் மணி என் உபயம். 1991-க்குள் சுவர் ஆளுயரம் ஆகி, மேற்கேயிருந்து வரும் வண்டி கண்ணுக்கே தெரியாமல் போனது. விபத்து கூடியது. உபயமும் கூடியது.

செல்லக்கனி முக்குக்கு முன்னாலேயே இறங்கிக்கொள்வார். சுவரைத் தாண்டி எட்டிப் பார்த்து, "வாங்க" என்று கையைக் காட்டிய பிறகுதான் சங்கையா வரவேண்டும். ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன், இப்போது வெட்கமாக இருக்கிறது.

ஒரு ஞாயிறு அப்படி எட்டிப் பார்த்தபோது, மேற்கேயிருந்து கண்ணை மூடிக் கும்பிட்டபடி வண்டியில் வந்து மோதினான் எங்கள் ஊர்ப் பேச்சிமுத்து. செல்லக்கனியின் வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. அவன் தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்தான். மறுவாரம் செங்கலோடு வந்து, எந்தப் பக்கம் கட்டலாம் என்று சங்கையாவிடமே கேட்டான்.

"ஏலே, தூக்கிட்டுப் போயிரு!"

சங்கையா கடப்பாரையை எடுத்தார். சாமி சுவரை இடிப்பதா என்று நாங்கள் மறித்தோம். கடைசியில் ஒரு ஜன்னல் மட்டும் வைக்கலாம் என்று முடிவானது. மேற்குச் சாலை தெரியும்படி, தன் பெயர் இருந்த இடத்தையே அவர் உடைத்தார்.

ஜன்னலுக்கு மேல் யார் உபயம் என்று எழுதுவது? மாவுக்கட்டோடு ரிக்‌ஷாவில் வந்திறங்கிய செல்லக்கனி பெயின்டருக்குச் சொன்னார்: "எழுதுங்க. உபயம், செல்லக்கனியின் வலது கால்."

இப்போது அதைப் படித்துச் சிரிக்க எல்லோரும் முக்கில் வண்டியை நிறுத்துகிறார்கள்.

"சிரிக்கட்டும்," என்கிறார் செல்லக்கனி, காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தபடி. "நிக்காங்கள்லா."