ஐஸ் கம்பெனியில் கோட்டுக்குப் பரீட்சை

போன செவ்வாய்க்கிழமை என் தங்கை கணவரை ஐஸ் கம்பெனிக்குள் அரை மணி நேரம் நிற்க வைத்தேன். அவசரப்பட்டுத் திட்டாதீர்கள்... காரணம் இருக்கிறது.

மாப்பிள்ளை போகும் மில்லில் இப்போது வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. பிரான்சில் மார்செய் துறைமுகத்தில் மூட்டை தூக்க ஆள் எடுக்கிறார்கள் என்று அவருடைய சித்தப்பா மகன் அங்கிருந்து எழுதியிருந்தார். காகிதமெல்லாம் தயார். அடுத்த மாதம் கப்பல். தங்கை மட்டும், அண்ணன் சரி என்றால் போகட்டும் என்று பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டாள்.

என்னிடமா கேட்பது? பக்கத்து வீட்டில் இருமினாலே எனக்குத் தூக்கம் போய்விடும். அந்த ஊர்க் குளிரில் காது உதிர்ந்துவிடும் என்று யாரோ சொன்னதிலிருந்து, மாப்பிள்ளையின் காதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா ஒருவர் தன் பழைய கம்பளிக் கோட்டைக் கொடுத்தார். சரி, அது குளிர் தாங்குமா? சித்திரை மாதப் புதுச்சேரியில் குளிருக்கு எங்கே போவது? மீனுக்கு ஐஸ் போடும் கம்பெனிதான் கதி. மேஸ்திரி தெரிந்தவர். சிரித்துக்கொண்டே கதவைத் திறந்துவிட்டார்.

மாப்பிள்ளை கோட்டோடு உள்ளே போனார். கண்காணிக்க நானும் போனேன் — வெறும் மல் ஜிப்பாவோடு. பத்தே நிமிடம்... அவருக்கு வேர்த்தது. எனக்குப் பல் தந்தியடித்தது.

உள்ளே ஆறுமுகம் என்பவர் இடுப்பில் கோணிச் சாக்கைச் சுற்றிக்கொண்டு, வெறுங்காலோடு ஐஸ் பாளங்களை இழுத்துக்கொண்டிருந்தார். என்ன சங்கதி என்றார். சொன்னேன். கொக்கியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"பன்னண்டு வருசமா இதுலதான் நிக்கிறேன். காது ரெண்டும் இருக்குதா, பாத்துக்கோங்க. குளிரு எந்த ஊர்லயும் ஒண்ணுதாண்ணே... கூலிதான் வேற வேற."

பல் தந்தியடிப்பது சட்டென்று நின்றது.

ஊர் கசந்தா போகிறார்கள்? அதே தோள், அதே மூட்டை. இந்தக் கரையில் ஒரு விலை, அந்தக் கரையில் ஒரு விலை. இவ்வளவுதானே விஷயம்? இது புரிய எனக்கு ஐஸ் தேவைப்பட்டது!

வீட்டுக்கு வந்து சரி என்றேன். தங்கை அடுப்பில் பாயசம் ஏற்றினாள். மாப்பிள்ளை கோட்டைக் கழற்றாமலே கடற்கரையில் ஒரு நடை போய்வந்தார். தெருவே கூடி நின்று சிரித்தது. அவர் கைகாட்டிக்கொண்டே நடந்தார்.

சொல்ல மறந்துவிட்டேன். நாங்கள் கிளம்பும்போது ஆறுமுகம் வாசல்வரை வந்தார். "அந்தத் தொறமொகத்துல ஐஸ் கம்பெனி இருக்குதான்னு கேட்டு எழுதச் சொல்லுங்கண்ணே."

இப்போது எனக்குப் புதுக் கவலை — இவரும் போய்விட்டால் நம் மீனுக்கு யார் ஐஸ் போடுவது?