என் படத்தில் அவர் கையெழுத்து

அந்தக் காலை நன்றாக நினைவிருக்கிறது. மேலாளர் என் மேசைக்கு வந்து, நான் வரைந்து முடித்திருந்த படத்தைத் தன் பக்கம் திருப்பினார். வலது கீழ் மூலையில், ‘வடிவமைத்தவர்’ என்ற கட்டத்துக்குள் என் பெயரின் முதலெழுத்துகளைப் பென்சிலால் சிறிதாக எழுதி வைத்திருந்தேன். என் ரப்பரையே எடுத்து அதை அழித்தார். துகள்களை வாயால் ஊதினார். அவை என் புடவையில் விழுந்தன. பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துத் தன் கையெழுத்தைப் போட்டார். அவர் முகத்தில் கோபமும் இல்லை, கள்ளத்தனமும் இல்லை. யாரோ தெரியாமல் எடுத்துப்போன தன் குடையைத் திரும்ப வாங்கிக்கொள்பவரைப் போல இருந்தார். அவரை நான் இந்த நாள் வரை மன்னிக்கவில்லை. மன்னித்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்வதற்காக இதை எழுதவும் இல்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. செம்பூரில், ஆலைகளுக்கு இயந்திரங்கள் வடிவமைத்துக் கொடுக்கும் ஓர் அலுவலகத்தில் படம் வரைபவளாக இருந்தேன். ஆண்டாப் ஹில்லில் ஒற்றை அறை வீடு. அப்பா வேலை பார்த்த மில் மூடிக் கிடந்ததால் என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. ஆனால் சம்பளத்துக்காக மட்டும் நான் அங்கே போகவில்லை என்பதை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. ட்ரேசிங் தாளை விரித்து நான்கு மூலையையும் ஒட்டி, மையில் முதல் கோட்டை இழுக்கும்போது எனக்கு மூச்சு தானாக அடங்கும். உலகத்தில் இன்னும் பிறக்காத ஒரு பொருளின் வயிற்றுக்குள் எட்டிப் பார்க்க எனக்கு மட்டும் அனுமதி கிடைத்தது போலிருக்கும்.

மேலாளரும் தமிழர்தான். ஒரு காலத்தில் நன்றாக வரைந்தவர் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். நான் பார்த்த காலத்தில் கையெழுத்துப் போட மட்டுமே பேனாவைத் திறந்தார். என்னை விற்பனைப் பிரிவுக்கு வரச் சொல்லி இரண்டு முறை கேட்டார். “வரையறவங்க வரைஞ்சுக்கிட்டேதாம்மா இருப்பாங்க. விக்கிறவன்தான் கார்ல போவான்” என்பார். எனக்கு வரையத்தான் பிடித்திருக்கிறது என்றபோது, உடம்புக்கு முடியாதவளைப் பார்ப்பது போலப் பார்த்தார். அந்தப் படத்தின் மேல் ஆசைப்பட்டு அவர் திருடியிருந்தால்கூட என் வயிறு இவ்வளவு எரிந்திருக்காது. தனக்குப் பிடிக்காத ஒன்றைத்தான் அவர் திருடினார்.

அது ஒரு மருந்து ஆலைக்கான படம். மருந்தைக் கலக்கும் பெரிய உருளைக் கலம், உள்ளே சுழலும் தண்டு. தண்டு நடுவில் இருக்கட்டும் என்றுதான் மேலாளர் சொல்லியிருந்தார். எனக்கு மனம் ஒப்பவில்லை. வீட்டில் வாளித் தண்ணீரில் மத்தைவிட்டுச் சுழற்றிப் பார்த்தேன். “ஏட்டி, குடிக்கிற தண்ணியில என்னட்டி வெளையாட்டு?” என்று அம்மா கத்தினாள். மத்து நடுவில் இருந்தால் தண்ணீர் மொத்தமும் சும்மா சுற்றி, நடுவில் குழி விழுந்தது. கொஞ்சம் ஓரமாகத் தள்ளிப் பிடித்தால் புரண்டு புரண்டு கலந்தது. எவ்வளவு ஓரம் என்று கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆயிற்று. என் வாழ்க்கையின் மிகச் சந்தோஷமான மூன்று வாரம்.

கையெழுத்தான மறுநாள் ஒரு சிறு திருத்தத்துக்காகப் படம் என்னிடம் திரும்பி வந்தது. மூடியிலுள்ள போல்ட் துளைகளின் அளவைப் பிளேடால் சுரண்டிவிட்டு வேறு எண் எழுதினேன். அதை நம்பிச் செய்தால் மூடி கலத்தின் மேல் உட்காரவே உட்காராது. அவர் சரிபார்க்க மாட்டார் என்று தெரியும். இரும்பு வீணாகும், ஆலைக்காரர்கள் சட்டையைப் பிடிப்பார்கள், கட்டத்தில் அவர் பெயர் இருக்கும். நான்கு நாள் அந்த நினைப்பு இனித்தது. பஸ்ஸில் நின்றபடி தனியாகச் சிரித்தேன். ஐந்தாம் நாள் படத்தை எடுத்துப் பார்த்தபோது, புதுத் துணியில் பட்ட கறை போல அந்த எண் மட்டும் கண்ணை உறுத்தியது. பிளேடை எடுத்து மறுபடியும் சுரண்டிச் சரியான அளவை எழுதினேன். அவர் மேல் இரக்கப்பட்டு அல்ல. கையெழுத்துதான் அவருடையது, கோடுகள் என்னுடையவை.

அடுத்த வாரம் ஆலையிலிருந்து மூத்த பொறியாளர் ஒருவர் வந்தார், மராட்டியர். படச்சுருளைப் பிடித்துக்கொண்டு நானும் உட்கார்ந்திருந்தேன். தண்டு ஏன் நடுவில் இல்லை என்று அவர் ஹிந்தியில் கேட்டார். மேலாளர் வழக்கம்போல என் பக்கம் திரும்பினார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். ஒரு கணம் தடுமாறியவர், பிறகு சிரித்துக்கொண்டே, வரைந்த பெண் செய்த பிழை அது, நடுவுக்கு நகர்த்திவிடலாம் என்றார்.

நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். கலம் உருப்படாது, பழி அவர் தலையில் விழும். ஆனால் தண்டை நகர்த்திவிடுவார்கள் என்று நினைத்ததுமே எழுந்துவிட்டேன். மேசையிலிருந்த கண்ணாடி டம்ளர் தண்ணீரில் கொஞ்சம் டீயை ஊற்றி, ஸ்பூன் காம்பை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துச் சுழற்றிக் காட்டினேன். முதலில் நடுவில், பிறகு ஓரத்தில். பொறியாளர் குனிந்து இரண்டு முறை பார்த்தார். இதை யோசித்தது யார் என்றார். நான்தான் என்றேன். அவர் படத்தை என் பக்கம் நகர்த்தி, தன் பேனாவையே நீட்டினார். மேலாளரின் கையெழுத்துக்கு மேலே என் முழுப்பெயரையும் எழுதினேன். அவசரப்படவில்லை. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒருமுறை நிமிர்ந்து மேலாளரைப் பார்த்துக்கொண்டேன்.

அடுத்த மாதம், ஆட்கள் அதிகம் என்று சொல்லி என்னை அனுப்பிவிட்டார்கள். இரண்டு மாதம் வீட்டில் ஒருவேளைச் சமையல்தான். அப்பாவின் ஊர்ப் பக்கத்துக்காரரான ஒரு பாய் குர்லாவில் பட்டறை வைத்திருந்தார்; அங்கே சேர்ந்தேன். சம்பளம் குறைவு. ஆனால் முதல் படத்தை முடித்துக் கொடுத்தபோது பாய் அதைத் திருப்பித் தந்து, “வரஞ்சது நீங்க. பேர யாரு போடணும்?” என்றார்.

மூன்று வருடம் கழித்து மேலாளர் அந்தப் பட்டறைக்கு வந்தார். சொந்தக் கம்பெனி, வெள்ளைச் சட்டை, வாசலில் கார். தன்னிடம் இருப்பவர்களுக்கு வரையத் தெரியவில்லை என்றும், நான் கேட்கிற சம்பளம் தருவதாகவும் சொன்னார். “இதை முடிச்சிட்டுப் பேசறேன் சார், உக்காருங்க” என்று லேத் பக்கத்திலிருந்த ஸ்டூலைக் காட்டினேன். அந்தச் சட்டையில் இரும்புத்தூள் படியும்வரை அவரைக் காக்க வைத்து, பிறகு முடியாது என்று சொல்ல வேண்டும். அதுதான் திட்டம். கையில் இருந்தது பிஸ்கட் மாவு வெட்டும் ஒரு சின்ன இயந்திரத்தின் படம். ஒரு பல்சக்கரம் எங்கே வைத்தாலும் இடித்தது. நகர்த்தினேன், அழித்தேன், மறுபடி வரைந்தேன். இடம் கிடைத்துத் தலை நிமிர்ந்தபோது ஸ்டூல் காலியாக இருந்தது.

“ஒங்க சார் போயி ஒரு மணி நேரம் ஆச்சும்மா” என்றார் பாய். “ரெண்டு தடவ கூப்ட்டாரு. நீங்க நிமிரவே இல்ல.”

காக்க வைக்கத்தான் நினைத்தேன். மறந்துபோவேன் என்று நினைக்கவில்லை. இன்று செம்பூரில் அவர் பெயரில் ஒரு கட்டடமே நிற்கிறது. நான் இன்னும் வாடகை வீட்டில்தான் இருக்கிறேன், இன்னும் வரைகிறேன். பஸ் அந்தக் கட்டடத்தைத் தாண்டும்போது ஒரே ஒரு வருத்தம்தான் வரும். இரண்டாவது தடவை கூப்பிட்டும் நான் நிமிராதபோது அவர் முகம் எப்படிப் போயிற்று என்று பாயிடம் எத்தனையோ முறை கேட்டேன். அவர் கவனிக்கவில்லையாம்.