தூத்துக்குடி டு திப்ரூகர், மூணரை மணி நேரம்

இன்னிக்கு ராயபுரம் டீக்கடைல, லாரி ஓட்டுற பாய் எங்கிட்ட செல்ஃபோன நீட்டுனாரு. அவரு பொண்ணுக்கு அசாம்ல, திப்ரூகர்ல பிரசவம். இவருக்கு தூத்துக்குடி லோடு.

“நைனா, தூத்துக்குடிலேந்து ஃப்ளைட்டுல மூணரை மணி நேரம்னு இந்த வெப்சைட்டுல போட்டுகீது. வலி வந்தா அங்கேந்தே கெளம்பிடுவேன்.”

“அது வெறும் கணக்கு பாய். கிலோமீட்டர வேகத்தால வகுத்துப் போட்டுகீறான். அப்டி ஒரு ஃப்ளைட்டே கெடயாது. மாறி மாறித்தான் போவணும்.”

“உனக்கு இன்னா தெரியும்?”

“எம் பொண்டாட்டி அங்கதான் வேல பாத்தா. ஆஸ்பத்திரில சேத்துட்டாங்கன்னு போன் வந்தப்ப நான் தூத்துக்குடி ஹார்பர்ல இருந்தேன். இதே சைட்டத்தான் நம்புனேன். நான் போய்ச் சேர்றதுக்குள்ள அவ போய்ச் சேந்துட்டா.”

பாய் டீய வெச்சுட்டு, லோட வேற டிரைவர் கைல மாத்தி வுட்டாரு. இன்னிக்கே கெளம்புறாரு.

இஞ்சினீரிங் படிச்சவன் நானு. வூட்டுக்கு வந்து தனியா ஒக்காந்து மறுபடி வகுத்துப் பாத்தேன். விடை சரியாத்தான் வருது.

அந்த ஃப்ளைட்டுல யாராச்சும் போயிருந்தா சொல்லுங்க.