கேன்டீன் மீட்டரில் காய்ந்த ஹைட்ரஜன்

ஆய்வுக்கூடத்து ஒயர்மேன் கரண்டைத் திருடிக் கேன்டீனுக்குக் கொடுக்கிறான், பதிலுக்கு அவனுக்கு அங்கே ஓசி டீயாம் என்று ஒரு வதந்தி. ஐந்து மாடிக் கட்டடத்தில் லிஃப்டைவிட வேகமாக ஏறி இறங்கியது. போய்ப் பார்த்தால், சுவருக்குப் பின்னால் ஒயர் இருந்தது உண்மைதான். கரண்டுதான் எதிர்ப்பக்கமாக ஓடியது: கேன்டீனிலிருந்து ஆய்வுக்கூடத்துக்கு. டீக்கும் அவர் காசு கொடுத்துத்தான் குடித்தார்.

ஒயர்மேனுக்கு இருபத்திரண்டு வருட சர்வீஸ். ஒரு திருகாணிகூட வீட்டுக்குப் போனதில்லை. போனால் மனைவி அதோடு சேர்த்து அவரையும் திருப்பி அனுப்பிவிடுவாள். அவரைத்தான் திருடன் என்றார்கள். கொதித்துப் போனார் மனிதர்.

விஷயம் இதுதான். பொட்டாஷ் காரம் கரைத்த தண்ணீரை ஒரு நிக்கல் கலத்தில் இறுக்கி அடைத்து, இருநூறு டிகிரிக்குச் சூடாக்கி மின்சாரம் பாய்ச்சினால் ஹைட்ரஜன் பிரியும். சூடு ஏற ஏற, பிரிப்பதற்கு ஆகும் மின்சாரம் குறையும். அருமையான விஞ்ஞானம். ஆனால் சூடாக்கவும் மின்சாரம் வேண்டுமே? ஆய்வுக்கூட இயக்குநருக்கு அந்தக் கேள்விதான் ஆகாது.

"ஹீட்டரை வேற லைன்ல மாட்டுப்பா. என் மீட்டர் சுத்தமா இருக்கணும்."

"பக்கத்துல கேன்டீன் லைன்தான் சார் இருக்கு."

"அதெல்லாம் எனக்குத் தெரிய வேணாம்."

மாட்டினார். அறிக்கையில் இயக்குநரின் கலம் உலகத்தையே தூக்கிச் சாப்பிட்டது. பில் மட்டும் கேன்டீனுக்கு வந்தது.

"ஊருக்கே சமைக்கிறீங்களாம்மா?" என்று கணக்கதிகாரி வரிசையில் நின்றவர்கள் முன்னால் கேன்டீன் அக்காவைக் கேட்டார். மின்னடுப்பை மூட்டை கட்டி வைத்துவிட்டு அவள் கேஸ் அடுப்பருகே நின்று வெந்தாள். பில் இறங்கவில்லை. பதினொரு மாதம். ஒயர்மேன் டீயை ஊதி ஊதிக் குடித்துவிட்டுப் போனார்.

கடைசியில் கணக்கதிகாரி ஒயரைக் கண்டுபிடித்தார். தான் சொல்லித்தான் மாட்டியது என்று இயக்குநர் ஒப்புக்கொள்ளவில்லை. ஒயர்மேனுக்குக் குமாஸ்தா எழுதிய மெமோவில், வழக்கம்போலப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்: 'திருட்டு இணைப்பை நாளை காலை பதினொன்றுக்குள் அகற்றவும். வேலைநீக்கம் செய்யாதிருக்கக் காரணம் கூறவும்.'

மனைவி அதைப் படித்தாள். "திருடன் பொண்டாட்டின்னு என் பேரையும் போட்டிருக்கலாமே! நீ ஏன்யா பல்லைக் கடிச்சிட்டு நிக்கிற?"

"இரு. அவங்க சொன்னபடியே செய்யப்போறேன்."

மறுநாள் பத்தே முக்காலுக்கு ஒயரைப் பிடுங்கினார். கலத்தில் பணம் போட வந்த முதலீட்டாளர்கள் அதைச் சுற்றி நின்ற நேரம் அது. நேரம் அவர் குறித்ததல்ல; மெமோவில் போட்டிருந்தது. கலம் ஆற ஆற, வோல்ட் மீட்டரின் முள் மேலே போனது. அதே வாயுவுக்கு அதிக மின்சாரம். கோட்டுப் போட்ட ஒருவர், "ஏன் ஏறுது?" என்றார். இயக்குநர் வியர்க்க வியர்க்க ஓடி வந்தார்.

"யார்யா ஒயரைப் புடுங்கச் சொன்னது?"

"நீங்கதான் சார். கையெழுத்துகூட அழகா இருக்கு."

"உடனே மாட்டு!"

"மாட்டுறேன் சார். ஹீட்டரைக் கேன்டீன் லைன்ல மாட்டச் சொன்னது நான்தான்னு எழுதிக் குடுங்க. ஒரு தடவை திருடன் ஆனது போதும்."

எழுதிக் கொடுத்தார். பேனா காகிதத்தைக் கிழிக்காதது அதிசயம். ஒயர்மேன் காகிதத்தோடு கேன்டீனுக்கு ஓடினார்.

"அக்கா, பாருங்க! நான் திருடன் இல்ல!"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு, இரண்டு முறை படித்தாள்.

"உனக்கு எழுதி வாங்கிட்ட. அந்தக் கணக்கு ஆளு என்னைக் கேட்டப்ப நீ வரிசையில மூணாவதா நின்ன. பில்லு ஏன் ஏறுதுன்னு அப்பவே தெரியும்ல உனக்கு?"

"தெரியும்க்கா."

"பதினொரு மாசமும்?"

அவர் மேஜை மேலிருந்த டீ டம்ளரைப் பார்த்தார். தன்னை ஏசியவர்கள் மேல் அத்தனை நாள் கொதித்த மனிதருக்கு, இந்தக் கோபத்தை எந்தப் பக்கம் திருப்புவதென்று தெரியவில்லை.

இன்றும் தினம் போகிறார். "டீ நல்லா இருக்குக்கா" என்கிறார். அவளுக்கு அவர் சொல்ல வேண்டியது அதுவல்ல என்பது இருவருக்குமே தெரியும். அந்த ஒரு சொல் இன்னும் பாக்கி.