ஒரே வரிசையில் நின்ற படம்

எங்கள் ஊருக்குத் தெற்கே முன்னொரு காலத்தில் ஒரு காட்டாறு ஓடி, முத்துப்பேட்டைப் பக்கம் கடலை அடைந்ததென்று பெரியவர்கள் கூறுவர். நான் கண்டதோ மிராசுதாரின் அகன்ற வயல் மட்டுமே. எனக்கு நினைவு தெரியுமுன்னரே அவர் ஆற்றை மண்ணிட்டு நிரவிப் பயிரிட்டுவிட்டார். அதனால் ஒவ்வோர் ஐப்பசியிலும் வடிய வழியற்ற மழைநீர், எங்கள் குத்தகை நிலத்தையும் கூலித் தெருவின் குடிசைகளையும் ஒருசேர மூழ்கடித்தது.

கழக ஆட்சி வந்த புதிது. மனுக் கொடுத்தால் கேட்பார்கள் என்னும் நம்பிக்கை பிறந்திருந்தது. ஆற்றை மீட்டுத் தருமாறு ஊரார் வேண்டினர். தாம் பார்வையிட வருவதாகவும், இடத்தைப் புகைப்படம் எடுத்து வைக்குமாறும் தாசில்தார் சொல்லியனுப்பினார்.

டவுனில் ஸ்டூடியோ வைத்திருந்த என் தாய்மாமா கேமராவுடன் வந்து சேர்ந்தார். திருமணப் படங்களும் பாஸ்போர்ட் படங்களுமே அவர் அறிந்த கலை. அறுவடை முடிந்த வெறும் தரையைக் கண்டதும் அவர் முகம் சுருங்கியது.

“ஆள் இல்லாம என்ன படம்? எல்லாரும் வந்து நில்லுங்க.”

ஊரார் அதற்கு முன்னரே சலவை வேட்டியிலும் நல்ல சேலையிலும் ஆயத்தமாயிருந்தனர். “ஆத்தைக் கேட்டு மனுப் போட்டமா, பொண்ணு கேட்டுப் போட்டமா?” என்று விவசாயச் சங்கத் தலைவர் தலையிலடித்துக்கொண்டார், ஆயினும் மீசையை நீவியபடி தாமும் வந்து நின்றார்.

சாகுபடிக்காரர் முன்னே, கூலித் தெருவார் பின்னே என்று மாமா வழக்கம்போல் வகுத்தார். நடவுக்கு வரும் பெண்ணொருவர் இடுப்பில் கைவைத்து, “பின்னால நின்ன காலமெல்லாம் போச்சுங்க, போட்டோக்காரரே!” என்றார். அதன்பின் எவரும் பின்வரிசைக்கு இசையவில்லை. வேறு வழியின்றி மேற்கிலிருந்த பனைமேடு முதல் கிழக்குத் திட்டு வரை ஊர் முழுவதும் ஒரே வரிசையாக நீண்டது. ஊரிலேயே உயரமான என் அப்பாவும் நானும் நடுவில் நின்றோம்.

“மூஞ்சியெல்லாம் கடுகாத்தான் தெரியும். அப்புறம் என்னைத் திட்டக் கூடாது!” என்று கூவிக்கொண்டே மாமா பின்னோக்கி நெடுந்தொலைவு சென்றார்.

தாசில்தார் வந்த அன்று மிராசுதார் கையை அகல வீசிக் காட்டினார். “பாருங்க சார், மேசை மாதிரி சமதரை. இதுல எங்க ஆறு?” கண்ணுக்கும் அப்படித்தான் தோன்றியது. சங்கத் தலைவர் மாமா எடுத்த படத்தை நீட்டினார். தாசில்தார் புகைப்படத்தை நெடுநேரம் நோக்கினார். பின்பு ஒரு ஸ்கேலை எடுத்து, வரிசையின் இரு முனைகளிலும் நின்றவர்களின் தலைகளை இணைத்து வைத்தார். நடுவிலிருந்த தலைகளெல்லாம் ஸ்கேலுக்கு வெகு கீழே தாழ்ந்திருந்தன.

“ஆறு இருக்குதுங்க. நீங்க எல்லாரும் அதுக்குள்ளதான் நிக்கிறீங்க” என்றார். தூர்வாரச் சொல்வதாக அவர் உறுதி கூற, ஊர் ஆரவாரித்தது.

நான் ஒருத்திதான் அழுதேன். படத்தில் என் அப்பா, ஓரத்தில் நின்ற குட்டைத் தையற்காரரைவிடத் தாழ்ந்து காணப்பட்டார். பலகை போட்டு நிற்கவைத்து மறுபடி எடுக்குமாறு, அங்கு வந்திருந்த மாமாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு, “இனிமே அங்க யாரும் நிக்க முடியாதும்மா” என்று சொல்லிச் சிரித்தார். அவமானத்தை மறைக்கவே அவ்வாறு சிரிக்கிறார் என்றெண்ணி, அவர் தோளில் முகம் புதைத்து இன்னும் உரக்க அழுதேன்.