பொட்டு வைத்த பல்சக்கரம்

நொண்டிச் சத்தம் ஒன்று உண்டு. கிர்ர், கிர்ர், கிர்ர், பிறகு ஒரு டக். மறுபடியும் கிர்ர்.

போன வாரம் சுங்கை பெசாரில் காலைச் சந்தை முடிந்து, மீன் பையோடு பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். ஒருவர் தன் கப்சாய் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். பெட்ரோல் தீர்ந்திருக்கும். எஞ்சின் வாய்மூடிக் கிடந்ததால் செயின் பேசியது. சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில் விறைத்தது, இன்னோரிடத்தில் தொங்கியது. என் காது எனக்கு முன்னால் ஓடிப்போய் அந்தப் பின்சக்கரத்தின் பக்கத்தில் குந்திக்கொண்டது. பஸ் வந்தது, போனது. ஓரிடத்தில் நிற்கிற பிறவி இல்லை நான். அன்று நின்றேன்.

எண்பதுகளின் நடுவில் எனக்கு இருபது வயது. கோலசிலாங்கூருக்கு வடக்கே, கடல் காற்று உப்போடு வந்து மட்டைகளை உரசும் செம்பனைத் தோட்டம். அம்மா உதிரிப் பழம் பொறுக்கினாள். அண்ணன் தோட்டத்துப் பட்டறையில் வெல்டிங் வேலை. நான் நாற்றுப் பண்ணையில் கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டேன்.

அண்ணன் ஒரு பழைய கப்சாயை வாங்கி, கூடை, மட்கார்டு, செயின் மூடி எல்லாவற்றையும் கழற்றி எலும்பும் நரம்புமாக ஆக்கினான். பட்டறையில் கிடந்த இரும்புத் தகட்டை அறுத்து, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு பல்சக்கரம் செய்து பின்னால் பூட்டினான். பல்சக்கரம் பெரிதானால் வேகம் செத்துப்போகும், இழுவை பிறக்கும். நடக்கிற வேகத்தில் ஒரு மரத்தின் மேலேயே ஏறலாம். அதற்குத்தான் செய்தான். சுற்றுவட்டத் தோட்டத்து இளைஞர்கள் ஒரு போட்டி வைத்திருந்தார்கள். மறுநடவுக்காகச் சாய்த்த செம்பனைக் கட்டைகள், பாதி தூர்ந்த வாய்க்கால், வழுக்கும் செம்மண் மேடு, எல்லாவற்றையும் மோட்டாரில் கடக்க வேண்டும். கால் மட்டும் தரையில் படக்கூடாது. வெளியே இதற்கு ட்ரையல் என்று பேர். நாங்கள் 'கால் ஊனாத ஓட்டம்' என்றோம்.

எங்கள் தோட்டத்துக்கு நான் ஓட்டுவதாக ஏற்பாடு. யாரும் என்மேல் இரக்கப்பட்டுத் தந்த இடமில்லை அது. எங்கள் குடியிருப்பான லயத்திலிருந்து நாற்றுப் பண்ணைக்குப் போகிற வழியில் வாய்க்காலின் மேல் ஒற்றைப் பலகை கிடக்கும். ஆண்பிள்ளைகள் இறங்கி மோட்டாரைத் தள்ளிக்கொண்டு போவார்கள். நான் இறங்கியதில்லை. மழையிலும் இறங்கியதில்லை. மெதுவாகப் போவதற்கு வேகமாகப் போவதைவிட அதிகத் திமிர் வேண்டும். அது என்னிடம் மூட்டை மூட்டையாக இருந்தது.

ஆனால் பழகும்போது செயின் கழன்றது. கட்டையின் மேல் முன்சக்கரம் ஏறும், பின்சக்கரம் கடிக்கும், அப்போது பார்த்து டக்கென்று விழும். நான் கால் ஊன்றுவேன். மாட்டிவிட்டு மறுபடி ஏறினால் மறுபடியும் அதே கதை.

அண்ணன் வருவான். சிலிப்பர் போட்ட காலை நீட்டி, பெருவிரலால் செயினை ஒரு தட்டுத் தட்டுவான். "லூசு" என்பான். ஸ்பேனர் எடுத்து இறுக்குவான். டிராக்டர் ஓட்டுகிறவர் ஒருவர் இருந்தார், இளைஞர் மன்றத்துக்கும் அவர்தான் தலைவர். அவரும் காலை நீட்டுவார். "லூசுதான் லா." அவரும் இறுக்குவார். எங்கள் பக்கத்தில் செயினை எல்லாரும் காலால்தான் பார்த்தார்கள். குனிவதற்கு அதில் என்ன இருக்கிறது என்கிற நினைப்பு. இறுக்க இறுக்கச் சக்கரம் முனகியது. ஆனாலும் செயின் விழுந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தலைவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"வண்டியில ஒண்ணும் இல்ல. பொம்பளப் புள்ள, பயத்துல த்ராட்டல வெடுக்குனு முறுக்குது. செயின் என்னா பண்ணும்?"

அண்ணன் என்னைப் பார்க்காமல் சொன்னான். "ஞாயித்துக்கிழமை நானே ஓட்டுறேன்."

அவ்வளவுதான். ஒரு தட்டில், ஒரு 'லூசு'வில், என் இடம் போயிற்று. அன்றைக்கு நான் அழவில்லை. பல்லைக் கடித்த சத்தம் எனக்கே கேட்டது.

மறுநாள் ஆயுத பூசை. பட்டறையில் சுத்தியல், அரம், ஸ்பேனர் எல்லாம் வாழையிலையில் படுத்து, மாலை போட்டுக்கொண்டு ஓய்வில் இருந்தன. மறுநாள் காலையில் மறுபூசை முடிகிறவரை ஒருவரும் ஒரு கருவியைத் தொடக்கூடாது. அம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்து எங்கள் மோட்டாருக்கும் பொட்டு வைத்தாள். விளக்குக்கு ஒன்று, டேங்குக்கு ஒன்று, ஹாண்டலுக்கு ஒன்று. கை ஓயாமல் பின்னால் போய், பல்சக்கரத்தின் ஓரத்திலும் ஒன்று. சந்தனத்தின் நடுவில் குங்குமம்.

மத்தியானம் எல்லாரும் பொரியும் கடலையும் தின்றுகொண்டிருக்க, நான் பட்டறைக் கொட்டகையில் மோட்டாரின் பக்கத்தில் போய் நின்றேன். வழக்கம்போலக் கால் எழுந்தது. பொட்டைப் பார்த்ததும் இறங்கிவிட்டது. பூசை வைத்த பொருளில் கால் படலாமா? வேறு வழியில்லாமல் குந்தினேன். விரலால் தொட்டேன்.

காலுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரிந்தது.

செயின் தொங்கியது. ஆமாம், லூசுதான். ஆனால் ஸ்டாண்டில் தூக்கி நின்ற சக்கரத்தைக் கையால் மெல்ல நகர்த்தினால் செயின் விரலுக்கடியில் கொஞ்சம் கொஞ்சமாக விறைத்தது, வீணைக் கம்பிபோல. இன்னும் நகர்த்தினேன், மறுபடி தளர்ந்தது. கையை விட்டேன். சக்கரம் தானாக உருண்டு தளர்ந்த இடத்துக்கு வந்து ஓய்ந்தது. அப்போதுதான் புரிந்தது. எப்போது நிறுத்தினாலும் அது தொங்குகிற இடத்தில்தான் வந்து நிற்கும். காலை நீட்டுகிறவர்கள் எல்லாரும் அந்த ஓரிடத்தைத்தான் தட்டினார்கள், அங்கேதான் இறுக்கினார்கள். அங்கே இறுக்கினால் எதிர்ப்பக்கம் கழுத்து நெரிபடும். நெரிபட்டுத் திமிறி, தளர்ந்த இடம் வரும்போது செயின் துள்ளி விழும்.

சரி, யார் குற்றவாளி? என் நெற்றிக் குங்குமத்தைத் தொட்டுச் செயினின் ஒரு கண்ணியில் வைத்தேன். செயினில் ஒரு கண்ணி மக்கர் பண்ணினால் விறைப்பு அந்தக் கண்ணியோடு ஊர்ந்து போக வேண்டும். சுற்றினேன். சிவந்த கண்ணி தன் வழியில் போனது, விறைப்பு அதன்கூடப் போகவில்லை. எஞ்சின் பக்கத்துச் சின்னப் பல்சக்கரமா? பெரியது ஒரு சுற்று முடிப்பதற்குள் சின்னது பல சுற்றுச் சுற்றிவிடும், அத்தனை முறையும் விறைக்க வேண்டும். விறைக்கவில்லை. சுற்றுக்கு ஒரே ஒரு முறை, அம்மா வைத்த பொட்டு பின்பக்கம் போய் நிற்கிற நேரத்தில் மட்டும் விறைத்தது. பொட்டு எஞ்சின் பக்கம் திரும்பினால் தொங்கியது. திரும்பத் திரும்பச் சுற்றினேன். பொட்டு பொய் சொல்லவில்லை.

குற்றவாளி என் கை இல்லை. அண்ணன் அறுத்த பல்சக்கரம். அது அச்சுக்கு நடுவில் உட்காரவில்லை.

அந்த நேரத்தில் அண்ணன் உள்ளே வந்தான், பின்னாலேயே வாயில் பொரியோடு தலைவர்.

"ஏய், பூசை அன்னிக்கு என்னாடி நோண்டுற?"

"ஸ்பேனர தொடல. என் கைக்கு யாரும் மாலை போட்டு படுக்க வைக்கல."

"காலையில டைட் பண்ணிக்கலாம், போ" என்றான் அண்ணன்.

"எத்தனை வாட்டி டைட் பண்ணுவ? குந்துண்ணே. கால நீட்டாத, பொட்டு இருக்கு."

தலைவர் சிரித்தார். "அண்ணனும் தங்கச்சியும் செயினுக்குத் தாலாட்டா? புள்ள, உன் கை கன்னுக்குத் தண்ணி ஊத்த நல்ல கை. த்ராட்டலுக்கு ஆகாது."

"தலைவரே, போன மாசம் டிராக்டர வாய்க்காலுக்குள்ள எறக்குனீங்களே, அது எந்தக் கை?"

அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை விழுங்குவதற்காகவே குந்தினான் என்று நினைக்கிறேன். அவன் விரலைப் பிடித்துச் செயினின் மேல் வைத்தேன். சக்கரத்தைச் சுற்றினேன். முதல் சுற்றில் ஏதோ சொல்ல வந்தான். அடுத்த சுற்றில் பொட்டைப் பார்த்தான். அதற்கடுத்த சுற்றை அவனே சுற்றினான்.

"நான் அறுத்த ஸ்ப்ரோக்கெட்ட குத்தம் சொல்ற."

"இரும்பத்தான் சொல்றேன். நீ ஏன் அதுக்குள்ள போயி உக்காந்துக்கிற?"

அவன் பல்சக்கரத்தின் நட்டுகளைத் தடவினான். "ஓட்டையெல்லாம் கொஞ்சம் பெருசா போட்டுட்டேன். அதான் ஒரு பக்கமா சாஞ்சிருக்கு."

"பெருசுன்னா நகரும். நட்ட தளத்தி, விறைக்கிற எடத்துல தட்டித் தட்டி நடுவுக்குக் கொண்டாரலாம்."

"சரி. காலையில சரி பண்ணிட்டு நான் ஓட்டுறேன்."

ரத்தம் தலைக்கு ஏறியது. "நேத்து என் கைதான் குத்தம்னு ஆள மாத்துன. இன்னிக்குக் கையில குத்தம் இல்லைன்னு உன் விரலே சொல்லுது. அப்புறம் எதுக்கு நீ ஓட்டணும்?"

தலைவர் பொரியை மென்றார். அண்ணன் எழுந்து போய்விட்டான். அவன் போனதை நான் சம்மதம் என்றும் எடுத்துக்கொள்ளவில்லை, மறுப்பு என்றும் எடுத்துக்கொள்ளவில்லை. வாய்க்கால் பலகைபோல அதையும் தாண்டியாக வேண்டும் என்று மட்டும் எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அம்மா கற்பூரம் காட்டினாள். தட்டு கீழே இறங்குவதற்குள் நான் ஸ்பேனரை எடுத்துவிட்டேன். "பொறுடி, சாமி இன்னும் மூச்சு விடல" என்றாள் அம்மா. நட்டுகளைப் பாதி தளர்த்தினேன். அண்ணன் சுத்தியலுக்குக் கை நீட்டினான்.

"நீ சுத்து. நான் தட்டுறேன்" என்றேன்.

என்ன நினைத்தானோ, சுற்றினான். செயின் விறைத்த இடத்தில் சுத்தியலின் மரப்பிடியால் தட்டினேன், லேசாக, உறங்குகிறவரை எழுப்புகிற மாதிரி. சுற்று, தட்டு, நட்டைக் கொஞ்சம் இறுக்கு, மறுபடி சுற்று. விறைப்பு இளகி இளகி, தொங்கல் ஏறி ஏறி, இரண்டும் ஒன்றையொன்று ஏறக்குறையச் சந்தித்துக்கொண்டன. மிச்சமிருந்த விறைப்பில் வைத்துத்தான் செயினை எவ்வளவு இறுக்குவது என்கிற அளவைப் பிடித்தேன், தொங்குகிற இடத்தில் பிடிக்கவில்லை. நொண்டிச் சத்தம் போயிற்று. கிர்ர் மட்டும் மிச்சம்.

திடலில் கூட்டம். பல தோட்டத்து மோட்டார்கள் புகை கக்கின. கயிறு கட்டிய தொடக்க இடம்வரை அண்ணன்தான் தள்ளிக்கொண்டு வந்தான். தலைவர் உரக்கக் கேட்டார்.

"நம்ம தோட்டத்துக்கு யாருப்பா?"

அண்ணன் வாய் திறக்கும்வரை நான் காத்திருக்கவில்லை. ஹாண்டலைப் பிடித்தேன், காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்தேன், உதைத்தேன். எஞ்சின் பிடித்துக்கொண்டது. கூட்டத்தில் யாரோ ஒருவன் விசிலடித்தான், கேலியா வாழ்த்தா என்று தெரியாத விசில். அண்ணனின் கை இன்னும் சீட்டின் பின்கம்பியில் இருந்தது. இழுத்து இறக்கப் போகிறான் என்றுதான் நினைத்தேன். தோளை இறுக்கிக்கொண்டேன். அவன் என் காதருகே குனிந்தான்.

"செயின் கழண்டா, அண்ணன் அறுத்த சக்கரம்னு சத்தம் போட்டுச் சொல்லு."

"கழலாது. கைய எடு."