பின்பட்டத்துப் புகையிலை

சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் கூலியாயிருந்த ராஜப்பாவுக்கு, ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றெட்டாம் ஆண்டில் ஒரே கவலை: சம்பங்கி மேஸ்திரியின் தலை சுற்ற வேண்டும். எந்தப் புகையிலைக்கும் அசையாத தலை அது. தம்மைக் கிறுகிறுக்க வைக்கும் இலையை விளைவித்துக் கொண்டுவந்தால் மகள் ரத்தினம்மாளைத் தருவதாக, பெண் கேட்டுப் போன அவனிடம் அவர் சொல்லியிருந்தார்.

ராஜப்பா ஆனி மழையோடு குடிசைக்குப் பின்னால் நாற்று நட்டான். நட்ட வாரமே மேஸ்திரியின் எருமை, ஈரமண்ணில் சொக்கிப்போய்ப் பாதிப் பாத்தியில் படுத்துப் புரண்டது. குடியாத்தத்திலிருந்து மறுவிதை வரவழைத்து, நாற்றுவிட்டு, அந்தப் பாதியை நடுவதற்குள் புரட்டாசி கழிந்துவிட்டது.

ஆனிப் பயிர் ஆள் மறைய வளர்ந்தது. இலை ஒவ்வொன்றும் முறத்தகலம். ஷிப்டு முடிந்து வந்தவர்கள் நின்று வியந்தார்கள். ராஜப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனால் இலை முற்றும் தருணத்தில் ஐப்பசி அடைமழை பிடித்து, அதற்குக் காரமேற்றும் பிசினையெல்லாம் கழுவிக்கொண்டு போயிற்று. புரட்டாசிக்குப் பின் நட்ட பின்பட்டப் பயிரோ இடுப்புயரம்கூட எட்டவில்லை. இலை சிறுத்துத் தடித்து, தை மாதத்து வெயிலில் முற்றி, தொட்ட விரலைப் பிசினால் பற்றிக்கொண்டது. அதை அவன் ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை.

மாசியில், பதமான பெரிய இலைகளைக் கட்டித் தலையில் ஏற்றினான். சும்மாட்டுக்குத் துணி அகப்படாமல், சிறிய இலைகளையே சுருட்டி வைத்துக்கொண்டான். வேர்வை வழிய மேஸ்திரி வாசலை அடைந்தபோது அவனுக்கு உலகமே ஊஞ்சலாடியது. கல்யாணக் களிப்பு என்று நினைத்துக்கொண்டான்.

சம்பங்கி பெரிய இலையில் ஒரு பிடி மென்றார்; இன்னொரு பிடி மென்றார்.

"இன்னா மாப்ளே, வாழையெலைய காயவச்சி எடுத்தாந்துட்டியா?"

கூடியிருந்தவர்கள் குலுங்கிச் சிரித்தார்கள். ராஜப்பா தள்ளாடி, தூணைப் பிடித்தபடி உட்கார்ந்தான். ரத்தினம்மாள் மட்டும் சிரிக்காமல் அவன் தலையையே பார்த்தாள்.

"எப்பா, அது வாய்க்குப் போவாமயே ஆள ஆட்டுது பாரு. அந்தச் சும்மாட்டப் பிரிச்சிப் போடு."

மேஸ்திரி ஒரு கிள்ளு எடுத்துக் கன்னத்தில் அடக்கினார். மீசை வியர்த்தது, கண் சொருகியது. தம் வீட்டு வாசலிலேயே பொத்தென்று உட்கார்ந்து, சுரங்கத்துக்குள் ஆள் இறக்கும் கேஜ் கூண்டில் இருப்பவர்போல் இரு கையாலும் தரையைப் பற்றினார்.

"டேய், கேஜ நிறுத்தச் சொல்லுங்கடா, ரொம்ப வேகமா எறங்குது. பொண்ணு ஒனக்குத்தான்டா."

மயக்கத்தில் சொன்னது செல்லாது, தெளிந்தபின் இன்னொரு தரம் சொல்ல வேண்டும் என்று மகள் ஒரு செம்பு மோரை நீட்டினாள். அவர் குடித்து, தலை நின்றதும், கூலிகளின் லைன் வீடுகள் முழுவதும் கேட்க அதையே சொன்னார். அதைக் கேட்டு ராஜப்பா எழப் பார்த்தான், முடியவில்லை. இரண்டாம் செம்பு அவனுக்கு.